தடித்த எழுத்திலிருந்து வண்ணத்திற்கு: நிரல் திருத்தியும் கம்பைலரும்

ஒரு கம்பைலருக்கேற்ற நிரல் திருத்தியைத் தேர்வோர் முதலில் நோக்குவது, அதில் தொடரியல் வண்ணமிடல் உள்ளதா என்பதையே. திறவுச்சொல் ஒரு நிறத்திலும் குறிப்புரை வேறொரு நிறத்திலும் தோன்றும் இவ்வசதி வண்ணத்திரையோடு பிறந்ததாகவே கருதப்படுகிறது. ஆயின் அதற்கு அச்சில் ஒரு முன்வரலாறு உண்டு.

1960இல் பீட்டர் நௌர் பதிப்பித்த அல்கால் 60 அறிக்கையில் ‘பிகின்’, ‘எண்ட்’ போன்றவை தடித்த எழுத்தில் அமைந்தன. அவை எழுத்துகளால் ஆன சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் பகுக்கவியலாத தனிக்குறி. எனவே சாதாரண எழுத்தில் வரும் ‘பிகின்’ ஒரு மாறியின் பெயராகவும் இருக்கலாம். எழுத்தின் தோற்றமே அங்கு இலக்கணமாயிற்று. அன்றைய உள்ளீட்டுக் கருவிகள் பலவற்றில் தடித்த எழுத்து இல்லாமையால், அச்சொற்களை மேற்கோள் குறிகளுக்குள் இட்டு உணர்த்தினர். பாஸ்கல் முதலிய பின்வந்த மொழிகளோ அவற்றைப் பெயராக வழங்கலாகாது என ஒதுக்கிவைத்தன. அதன்பின் தோற்றம் பொருளைச் சுமக்கவில்லை; வாசிப்புக்குத் துணையாக மட்டுமே நின்றது.

அத்துணை வண்ணமாக மீண்டது 1980களில். ஐபிஎம் நிறுவனத்தின் மைக் கௌலிஷா 1985இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிப் பணிக்கென உருவாக்கிய லெக்ஸ், தட்டச்சிடும்போதே உரையைப் பகுத்து நிறமும் எழுத்துருவும் மாற்றிக் காட்டியது. இன்று நிரலாளர்க்கு இன்றியமையாத ஒரு வசதி அகராதியியலின் தேவையால் வளர்ந்தமை மொழித்துறையினர் கருதத்தக்கது.

மறுபுறம், 1983இல் வெளிவந்த டர்போ பாஸ்கல் திருத்தியையும் கம்பைலரையும் ஒரே மென்பொருளாக்கியது. பிழை கண்டவுடன் கம்பைலர் நின்றுவிடும். திருத்தி பிழையுள்ள இடத்திலேயே திறக்கும். அதில் தொடரியல் வண்ணம் இல்லை. 1992இன் ஏழாம் பதிப்பில்தான் அது வந்தது. எனினும் வண்ணமற்ற அத்திருத்தி காட்டியது கம்பைலரின் தீர்ப்பை என்பதே முதன்மையானது.

2004இல் வெளிவந்த டெக்ஸ்ட்மேட், சொல்வடிவ ஒப்பீட்டு விதிகளால் வண்ணமிட்டது. பின்னர் விஷுவல் ஸ்டுடியோ கோடும் அம்முறையை ஏற்றது. கம்பைலரின் துணையின்றி எம்மொழிக்கும் விரைவில் விதி எழுதலாம் என்பது இதன் பெரும் பயன். ஆனால் சி மொழியில் ‘ஏ * பி;’ என்னும் தொடரில் ‘ஏ’ மாறியாயின் அது பெருக்கல்; தரவுவகையாயின் ‘பி’ என்னும் சுட்டியின் அறிவிப்பு. வடிவத்தை மட்டும் நோக்கும் விதி இதனைத் தீர்மானிக்க இயலாது. முன் அறிவிப்புகளை நினைவிற்கொள்ளும் கம்பைலரே அறியும். ஆகவே எத்தனை நிறங்கள் என்பதைவிட, அந்நிறத்தை முடிவுசெய்வது யார் என்பதே தேர்வுக்குரிய வினா என்பது என் கருத்து. 2016இல் அறிமுகமான மொழிச்சேவையக நெறிமுறை, கம்பைலரின் பகுப்பறிவைத் திருத்திக்கு அனுப்ப வழிசெய்தது. பொருள்சார் வண்ணமிடல் அதில் 3.16ஆம் பதிப்பில்தான் இடம்பெற்றது.