வொர்க்ஸ்டேஷன் கீபோர்டில் சாம்பிள் தொகுப்பு மேலாண்மை: கோர்க் குரோனோஸ்

சின்தசைசர், சீக்வென்சர், எஃபெக்டுகள், பெரும்பாலும் சாம்பிளர் ஆகிய எல்லாம் ஒரே கருவியில் அடங்கிய மின்னணு இசைக்கருவி வொர்க்ஸ்டேஷன் கீபோர்டு. அதில் உள்ள சாம்பிள்களையும் (பதிவு செய்த ஒலிகளையும்), அவற்றைக் கொண்டு அமைத்த டோன்களையும் பேங்க்குகளாகப் பிரித்து அடுக்குவது, தேவையானதை ஏற்றுவது, இடம் மாற்றுவது, அழியாமல் காப்பது ஆகிய வேலைகளின் தொகுதியே சாம்பிள் தொகுப்பு மேலாண்மை. ஜப்பானின் கோர்க் நிறுவனம் 2011இல் வெளியிட்ட குரோனோஸ், இந்த வேலைகள் அனைத்தையும் ஒருங்கே பார்க்கக் கிடைக்கும் நல்ல எடுத்துக்காட்டு.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சாம்பிளால் ஆன டோனுக்குள் ஒலி இருப்பதில்லை. ஒலி எங்கே இருக்கிறது, அதை எப்படி ஒலிக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கிறது. நினைவகத்தில் சில கிலோபைட் மட்டுமே பிடிக்கும் ஒரு டோன், நூற்றுக்கணக்கான மெகாபைட் அளவுள்ள பதிவுகளைச் சுட்டிக்கொண்டிருக்கலாம். அந்தப் பதிவுகள் இடம் மாறினாலோ ஏற்றப்படாமல் விடுபட்டாலோ டோனின் பெயர் திரையில் தெரியும். கட்டையை அழுத்தினால் ஓசை வராது, அல்லது வேறு ஓசை வரும். சுட்டும் குறிப்பும் சுட்டப்படும் ஒலியும் பிரியாமல் பார்த்துக்கொள்வதே மேலாண்மையின் சாரம்.

வரலாறு

பதிவு செய்த ஒலியைக் கட்டைகளில் வாசிக்கும் கணினிக் கருவிகளின் காலம் 1979இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரி இருவரும் உருவாக்கிய ஃபேர்லைட் சி.எம்.ஐ. கருவியோடு தொடங்குகிறது. அதன் ஒலிகள் 8 அங்குல ஃபிளாப்பி வட்டுகளில் இருந்தன. 1981இல் அமெரிக்காவின் ஈ-மியூ நிறுவனம் எமுலேட்டர் என்ற சாம்பிளரைக் கொண்டுவந்தது. அந்நாளில் ஒலித் தொகுப்பை நிர்வகிப்பது என்றால் வட்டுப் பெட்டியை ஒழுங்காக வைத்திருப்பதுதான்.

1988இல் வந்த கோர்க் எம்1, வொர்க்ஸ்டேஷன் என்ற கருவி வகையை உலகெங்கும் பரப்பியது. அதன் ஒலிகள் அனைத்தும் 4 எம்.பி. ரோமில் அடங்கின, கூடுதல் ஒலி வேண்டுவோர் அட்டை வாங்கிச் செருகினர். ரோலண்டின் ஜே.வி.-1080 (1994) மாடலில் தலா 8 எம்.பி. கொண்ட நான்கு விரிவாக்கப் பலகைகளைப் பொருத்தலாம். 1999இல் வந்த கோர்க் டிரைட்டனில் 32 எம்.பி. ரோமோடு சாம்பிள் பதியும் ரேமும் இருந்தது. அதை 64 எம்.பி. வரை கூட்ட முடிந்தது. ஆனால் மின்சாரம் நின்றதும் ரேமில் உள்ளது அழிந்துவிடும். ஒவ்வொரு முறையும் வட்டிலிருந்து மீண்டும் ஏற்றவேண்டும்.

2011இல் குரோனோஸ் எஸ்.எஸ்.டி.யோடு வந்தது. லினக்ஸ் அடிப்படையில் இயங்கும் இக்கருவியில் ஒலிகள் கோப்புகளாக உள்ளேயே தங்கின. பலகை வாங்கிச் செருகும் வேலை குறைந்தது; கோப்புகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு வாசிப்பவரிடம் வந்து சேர்ந்தது.

ஒலியின் அடுக்குகள்

குரோனோஸில் ஓர் ஒலி ஐந்து படிகளில் அமைகிறது. முதற்படி சாம்பிள்: ஒரே ஒரு சுரத்தின் அல்லது ஒரு தட்டின் பதிவு. இரண்டாவது மல்டிசாம்பிள்: பல சாம்பிள்களைக் கட்டைகளின் மேல் பகுதி பகுதியாகப் பரப்பிய வரைபடம். மூன்றாவது புரோகிராம்: மல்டிசாம்பிளுக்கு ஃபில்டர், என்வலப், எஃபெக்ட் சேர்த்த முழு டோன். நான்காவது காம்பி: அதிகபட்சம் 16 புரோகிராம்களை லேயராகவோ ஸ்ப்ளிட்டாகவோ அடுக்கியது. ஐந்தாவது செட் லிஸ்ட்: நிகழ்ச்சியில் வாசிக்கவேண்டிய வரிசையில் புரோகிராம், காம்பி, பாடல் ஆகியவற்றை நிறுத்துவது.

ஒவ்வொரு படியும் தனக்குக் கீழே உள்ள படியைச் சுட்டுகிறது. செட் லிஸ்ட் காம்பியைச் சுட்டும். காம்பி புரோகிராமைச் சுட்டும். புரோகிராம் மல்டிசாம்பிளைச் சுட்டும். ஆகவே கீழ்ப்படியில் செய்யும் சிறு மாற்றம் மேற்படிகள் அனைத்திலும் எதிரொலிக்கும். ஒரு புரோகிராமின் மேல் வேறொன்றை எழுதினால், அதைப் பயன்படுத்தும் எல்லாக் காம்பிகளும் மாறிவிடும்.

குரோனோஸின் ஒன்பது ஒலி எஞ்சின்களில் சாம்பிள்களைப் பொதுவாகக் கையாள்வது எச்.டி.-1. பழைய அனலாக் கருவிகளைக் கணக்கீட்டால் உருவாக்கும் பாலிசிக்ஸ்-இ.எக்ஸ்., எம்.எஸ்.-20இ.எக்ஸ். போன்ற எஞ்சின்களுக்குச் சாம்பிள் தேவையில்லை. எனவே அவற்றின் டோன்களைக் கருவிக்குக் கருவி மாற்றுவது எளிது.

பேங்க்குகள்

ஒரு பேங்க்கில் 128 இடங்கள். ஜி.எம். (ஜெனரல் மிடி) பேங்க் நீங்கலாகப் புரோகிராம்களுக்கு 20 பேங்க்குகளில் 2,560 இடங்களும், காம்பிகளுக்கு 14 பேங்க்குகளில் 1,792 இடங்களும் உள்ளன. செட் லிஸ்ட்டுகள் 128. ஒவ்வொன்றிலும் 128 இடங்கள்.

ஒரு புரோகிராம் பேங்க், எச்.டி.-1 வகையாகவோ, பிற எஞ்சின்களுக்கான இ.எக்ஸ்.ஐ. வகையாகவோ மட்டும் இருக்கலாம். இரண்டும் கலந்திருக்க இயலாது. பேங்க்கின் வகையை மாற்றினால் அதில் உள்ள புரோகிராம்கள் அழிந்துவிடும். வெளியிலிருந்து வாங்கிய தொகுப்பை ஏற்றுமுன், அது எந்த வகை பேங்க்கைக் கேட்கிறது என்று பார்ப்பது கட்டாயம்.

தொழிற்சாலை டோன்கள் உள்ள பேங்க்குகளைத் தொடாமல் விட்டுவிட்டு, பின்வரிசை யூஸர் பேங்க்குகளில் ஒன்றைச் சொந்த டோன்களுக்கும், ஒன்றை வாங்கிய தொகுப்புகளுக்கும், ஒன்றைச் சோதனைக்கும் ஒதுக்குவது நல்ல பழக்கம். சோதனை பேங்க்கில் இருக்கும் டோனை எந்தக் காம்பியிலும் சேர்க்காமல் இருந்தால், அதை எப்போது வேண்டுமானாலும் அஞ்சாமல் காலி செய்யலாம்.

சாம்பிள்கள் இருக்கும் இடங்கள்

மல்டிசாம்பிள்கள் நான்கு இடங்களிலிருந்து வரலாம். அடிப்படை ஒலிகள் ரோம் பேங்க்கில் உள்ளன. கோர்க்கும் பிற நிறுவனங்களும் வெளியிடும் விரிவாக்கத் தொகுப்புகள் இ.எக்ஸ்.எஸ். என்ற பெயரில் எண்ணிட்டு வருகின்றன. உடன் வரும் இரு கிராண்ட் பியானோக்களும் இவ்வகையே: இ.எக்ஸ்.எஸ்.6 ஜெர்மன் பியானோ, இ.எக்ஸ்.எஸ்.7 ஜப்பானியப் பியானோ. மூன்றாவது, கருவியிலேயே பதிந்து திருத்தும் சாம்பிளிங் நினைவகம். இது மின்சாரம் நின்றால் அழியும். நான்காவது, 2.0 இயங்குதளப் பதிப்போடு வந்த யூஸர் சாம்பிள் பேங்க். வாசிப்பவர் தம் சொந்தச் சாம்பிள்களை எஸ்.எஸ்.டி.யில் நிலையாக வைத்து, அங்கிருந்தே நேரடியாக வாசிக்க இது வழி செய்தது.

சாம்பிளிங் நினைவகத்தில் உள்ள மல்டிசாம்பிளைப் புரோகிராம் எண்ணால் அறிகிறது. ஏற்றும் வரிசை மாறினால் எண்களும் மாறி, புல்லாங்குழல் டோனில் தபேலா ஒலிக்கக்கூடும். யூஸர் சாம்பிள் பேங்க் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி அடையாளக் குறியீடு கொண்டது. ஏற்றும் வரிசை எதுவானாலும் புரோகிராம் தன் ஒலியைக் கண்டுபிடித்துவிடும். சொந்தச் சாம்பிள்களைச் சாம்பிளிங் நினைவகத்தில் திருத்தி முடித்தபின் யூஸர் சாம்பிள் பேங்க்குக்கு மாற்றிவிடவேண்டும் என்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

நினைவகக் கணக்கு

குரோனோஸ் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் சாம்பிள் பதிகிறது. ஸ்டீரியோவில் ஒரு நொடிக்கு 1,92,000 பைட், ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 11.5 எம்.பி. ஆகும். எம்1இன் 4 எம்.பி. இடத்தில் இந்த அளவில் சுமார் 22 நொடிகள்தான் பதியலாம். 88 கட்டைகளையும் தலா நான்கு அழுத்த அளவில், ஒவ்வொன்றும் 10 நொடி பதிந்தால் ஏறத்தாழ 676 எம்.பி. வரும்.

இவ்வளவு பெரிய பதிவுகளை ரேமில் முழுதாக ஏற்ற இடம் போதாது. குரோனோஸ் ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொள்கிறது. கட்டையை அழுத்தியதும் அந்தத் தொடக்கம் ஒலிக்க, மீதியை எஸ்.எஸ்.டி.யிலிருந்து படித்து இணைக்கிறது. இதற்கு வர்ச்சுவல் மெமரி என்று பெயர். மிகச் சிறிய சாம்பிள்களைக் கொண்ட டிரம் கிட்டுக்கு இதனால் பெரிய சேமிப்பு இல்லை. நீண்டு ஒலிக்கும் பியானோவுக்கும் வயலின் குழுவுக்கும் இது இன்றியமையாதது. ஒரு தொகுப்பை ஏற்றும்போது ரேமா, வர்ச்சுவல் மெமரியா என்று தேர்ந்துகொள்ளலாம்.

கோப்பு வகைகள்

பி.சி.ஜி. கோப்பில் புரோகிராம், காம்பி, டிரம் கிட், வேவ் சீக்வென்ஸ், செட் லிஸ்ட், பொது அமைப்புகள் ஆகியவை அடங்கும், சாம்பிள் இராது. கே.எஸ்.எஃப். என்பது தனிச் சாம்பிள், கே.எம்.பி. என்பது மல்டிசாம்பிள், கே.எஸ்.சி. என்பது எந்தெந்தச் சாம்பிள்களை ஏற்றவேண்டும் என்ற பட்டியல். பாடல்கள் எஸ்.என்.ஜி. கோப்பில் சேமிக்கப்படும்.

பி.சி.ஜி.யை மட்டும் நண்பருக்கு அனுப்பினால் அவருக்கு ஒலி கிடைக்காது. கே.எஸ்.சி.யை மட்டும் அனுப்பினாலும் பயனில்லை. அதோடு உருவாகும் அதே பெயருள்ள ஃபோல்டரில்தான் சாம்பிள்கள் இருக்கின்றன. பி.சி.ஜி., கே.எஸ்.சி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், ஒன்றை ஏற்றும்போதே மற்றதையும் சேர்த்து ஏற்றும் வசதி உண்டு. கணினியில் வைத்துக் கோப்புகளின் பெயரை மாற்றுவது தொகுப்புகள் உடைவதற்கு ஒரு காரணம். கே.எம்.பி. தன் சாம்பிள்களைப் பெயரால்தான் தேடுகிறது. பெயரை மாற்றினால் அதற்கு அவை கிடைக்காது.

ஏற்றுதலும் இறக்குமதியும்

கருவியைத் தொடங்கும்போது தானாக ஏறவேண்டிய கே.எஸ்.சி. கோப்புகளைக் குளோபல் பகுதியில் பட்டியலிடலாம். இந்தப் பட்டியல் நீளமானால் கருவி தயாராகும் நேரமும் நீளும். நிகழ்ச்சிக்குத் தேவையான தொகுப்புகளை மட்டும் அதில் வைத்திருப்பது சரி.

சாம்பிளிங் நினைவகத்துக்கு ஏற்றும்போது, இருப்பதை அழித்துவிட்டு ஏற்றவா, அதனோடு சேர்க்கவா என்று கருவி கேட்கும். சேர்த்தால் புதியவற்றின் எண்கள் பழையவற்றுக்குப் பின்னால் தொடரும். பி.சி.ஜி. முழுவதையும் ஏற்றினால் உள்ளே இருக்கும் பேங்க்குகள் அனைத்தும் போய்விடும். கோப்பைத் திறந்து ஒரு பேங்க்கையோ ஒரே ஒரு புரோகிராமையோ தேர்ந்து வேண்டிய இடத்தில் இறக்குவதே பாதுகாப்பு.

வேவ், ஏ.ஐ.எஃப்.எஃப்., அகாய் எஸ்1000, எஸ்3000, சவுண்ட்ஃபான்ட் 2.0 வடிவங்களைக் குரோனோஸ் நேரடியாகப் படிக்கும். யு.எஸ்.பி. டிரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கவேண்டும். பிற சாம்பிளர் வடிவங்களுக்குச் சிக்கன் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் டிரான்ஸ்லேட்டர் போன்ற மாற்று மென்பொருள்கள் உதவும். சாம்பிள்களும் கட்டைப் பரப்பும் இறக்குமதியில் ஒழுங்காக வந்துவிடும். ஃபில்டர், என்வலப் மதிப்புகள் அப்படியே வருவதில்லை. அவற்றைக் காதால் கேட்டுத் திருத்தவேண்டும்.

இந்தியக் கருவிகளின் சாம்பிள்கள்

நாதஸ்வரம், வீணை போன்ற கருவிகளைச் சாம்பிள் செய்வதில் தனிச் சிக்கல் உண்டு. கமகத்தோடு ஒரு சுரத்தைப் பதிந்து பல கட்டைகளுக்குப் பரப்பினால், மேலே போகப்போகக் கமகத்தின் வேகம் கூடும். கீழே வரவர மந்தமாகும். ஆகவே அசைவில்லாத சுரங்களைப் பதிந்து, கமகத்தை ஜாய்ஸ்டிக்காலோ ரிப்பனாலோ வாசிப்பது ஒரு வழி. சொற்கட்டு போன்ற முழு இசைத்துண்டுகளைத் தனிக் கட்டைகளில் வைத்து மாற்றாமல் ஒலிப்பது இன்னொரு வழி. இவ்விரண்டையும் வேறு வேறு மல்டிசாம்பிள்களாக, பெயரிலேயே வேறுபாடு தெரியும்படி வைப்பது நல்லது. இந்தியக் கருவி ஒலிகளோடு வந்த ரோலண்டின் எக்ஸ்.பி.எஸ்.-10 போன்ற விலை குறைந்த மாடல்களிலும் வெளிச் சாம்பிள்களை ஏற்ற முடிவதால், சாம்பிள்களை இப்படி ஒழுங்குபடுத்தும் தேவை இன்று மேடை வாசிப்பவர் பலருக்கும் உரியது.

பிற கருவிகளில்

யமஹா மான்டாஜ் (2016) 1.75 ஜி.பி. ஃபிளாஷ் நினைவகம் தருகிறது. அதில் வெளித் தொகுப்புகளை லைப்ரரிகளாக நிறுவலாம். எட்டு லைப்ரரிகள் வரை ஏற்கும். டோனும் சாம்பிளும் ஒரே லைப்ரரிக் கோப்பில் வருவதால் இரண்டும் பிரிவதில்லை. சுவீடனின் நார்ட் கருவிகளில் கணினியில் இயங்கும் சவுண்ட் மேனேஜர் மென்பொருள் வழியே ஒலிகளை மாற்றலாம்; நார்ட் ஸ்டேஜ் 3 பியானோக்களுக்கு 2 ஜி.பி., சாம்பிள்களுக்கு 480 எம்.பி. ஒதுக்குகிறது. ஒரே பியானோவைச் சிறியது, பெரியது எனப் பல அளவுகளில் நார்ட் வழங்குவதால், இடத்துக்கு ஏற்றதைத் தேரலாம். இவ்விரண்டு முறைகளிலும் தவறுக்கு இடம் குறைவு. குரோனோஸில் சுதந்திரம் அதிகம்.

காப்புப் பிரதியும் மேடைத் தயாரிப்பும்

காப்புப் பிரதியில் நான்கு இருக்கவேண்டும்: தேதியிட்ட பி.சி.ஜி. கோப்பு; கே.எஸ்.சி.யும் அதன் ஃபோல்டரும்; வாங்கிய தொகுப்புகளின் மூல நிறுவல் கோப்புகள்; அவற்றுக்கான அனுமதிக் குறியீடுகள். இ.எக்ஸ்.எஸ். தொகுப்பின் அனுமதிக் குறியீடு அந்தந்தக் கருவியின் அடையாள எண்ணுக்கென்றே தரப்படுவது. குறியீடு இல்லாவிட்டால் தொகுப்பு டெமோ நிலையில் மட்டும் இயங்கி, ஒலி இடையிடையே தேய்ந்து மறையும்.

மேடைக்குப் போகுமுன் கருவியை அணைத்துத் திறந்து, செட் லிஸ்ட்டின் ஒவ்வொரு இடத்தையும் ஒருமுறை வாசித்துப் பார்க்கவேண்டும். சாம்பிளிங் நினைவகத்தில் தற்செயலாகத் தங்கிய ஒலியை எந்த டோனாவது நம்பியிருந்தால், இந்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். கருவி மீண்டும் எழ நிமிடக்கணக்கில் ஆகும் என்பதால், மின்தடை வரும் இடங்களில் யு.பி.எஸ். வைப்பது அவசியம். டோனும் அதன் சாம்பிளும் ஒரே பெயரில், ஒரே ஃபோல்டரில், குறைந்தது இரண்டு வெவ்வேறு டிரைவ்களில் இருக்கும்வரை, எஸ்.எஸ்.டி. பழுதானாலும் ஒரு வாசிப்பாளரின் பல ஆண்டு உழைப்பு அழியாது.