முன்றில்: கற்பிட்டிக் கரையில் மனைமுகப்பின் வரலாறு

வீட்டின் முன்னுள்ள வெளியைத் தமிழர் முன்றில் என்றனர். இல்லின் முன் என்னும் பொருளுடைய இச்சொல், இல்முன் என நில்லாது முறைமாறி, இடையே றகரமும் பெற்று அமைந்தது. இதற்குத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலே தனியே விதி கூறியுள்ளார். ஒரு சொல்லின் புணர்ச்சிக்கென இலக்கண ஆசிரியர் ஒரு சூத்திரத்தை ஒதுக்கினாரெனின், அச்சொல் அக்காலத்து மக்கள் வழக்கில் எத்துணை ஊன்றியிருத்தல் வேண்டும் என்பது எளிதில் உணரப்படும். வீட்டின் உட்பகுதி அங்கு வாழ்வோருக்கு உரியது. தெரு ஊராருக்கு உரியது. முன்றிலோ இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, வீட்டாரை ஊராருக்கு அறிவிப்பது.

இக்காலத்து மக்கள் வீட்டின் முகப்பைத் திருத்துவதிற் பெரிதும் நாட்டங் கொண்டுள்ளனர். பூஞ்செடிகளை வரிசையாக வைத்தல், படலையை மாற்றுதல், சுவருக்கு வெள்ளையடித்தல், வாயில்வரை கல் பதித்தல் என்பன எங்கும் காணப்படுகின்றன. இவற்றைச் செல்வர்தம் பொழுதுபோக்கு என்று கருதுவாரும் உளர். புத்தளம் மாவட்டக் கரையோரத்தின் வரலாற்றை நோக்குமிடத்து அக்கருத்துப் பொருந்தாது எனலாம். அங்கே மனைமுகப்பில் நட்ட செடியும் மரமும், அவ்வீட்டார் அந்நிலத்தில் எத்துணைக் காலம் வாழ எண்ணினர் என்பதற்குச் சான்றாய் நின்றன.

கற்பிட்டிக் குடாநாடு ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீண்டு கிடக்கும் மணல்நிலம். அந்நாட்டு ஊர்களுள் ஒன்று பள்ளிவாசல்துறை. தொழுமிடத்தையும் வள்ளங்கள் அணையும் இடத்தையும் ஒருங்கே காட்டும் அப்பெயரே ஊரின் இயல்பை உரைத்துவிடுகின்றது. முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் அக்குடாநாட்டில் அயலயலே வாழ்கின்றனர். மீன்பிடியும், தென்னையும், வெங்காயம் மிளகாய் முதலிய தோட்டப் பயிர்களும் அவர்களுக்குத் தொழில். மணல் நீரைத் தாங்கி வைப்பதில்லை. பெய்த மழை கீழிறங்கி, உப்புநீரின் மேலே மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்க்கும். மழையின் பெரும்பகுதி ஆண்டின் கடைசி மூன்று மாதங்களிலே பெய்துவிட, வைகாசிக்குப் பின் தென்மேற்குக் காற்று மாதக்கணக்கில் மணலை வாரி வீசுகின்றது. இத்தகைய நிலத்தில் வாயிலின் முன் ஒரு செடியைப் பிழைக்கச் செய்வது எளிய காரியமன்று. செடி தழைத்து நிற்கும் வீட்டில் நாள்தோறும் நீர்வார்க்கும் ஒரு கை உண்டு என்பது வழிப்போக்கனுக்கும் விளங்கும்.

நெய்தல் நிலத்தார் மரத்தைக் குடும்பத்துள் ஒருவராக மதித்தமைக்குச் சங்க இலக்கியத்திலேயே சான்றுண்டு. நற்றிணையின் 172ஆம் பாட்டு ஒரு புன்னை மரத்தைப் பற்றியது. சிறுமியர் விளையாட்டாக வெண்மணலிற் புதைத்து மறந்த புன்னைவிதை முளைத்தது. அதற்கு நெய் கலந்த பாலை வார்த்து வளர்த்தனர். அம்மரம் அவர்தம் உடன்பிறந்தாள் ஆகும் எனத் தாய் கூறினாள். ஆதலின் அதன் நிழலிற் காதலனோடு அளவளாவத் தலைவி நாணுகின்றாள் என்பது பாட்டின் பொருள். காதற் சுவைக்காகவே இப்பாட்டைப் போற்றுவது வழக்கம். வரலாறு கற்போர் அதில் வேறொன்றையும் காணலாம். தாய் இளமையில் நட்டது மகளின் பருவத்தில் நிழல் தருகின்றது. அக்குடும்பம் அத்துறையை விட்டு நீங்கவில்லை. உப்புக்காற்றைத் தாங்கும் புன்னை இன்றும் இத்தீவின் கரையோரங்களில் வளர்வதாகும்.

புத்தளக் கரையின் புறத்தோற்றத்தைக் கண்டு எழுதியவருள் காலத்தால் முற்பட்டவர் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபின் பட்டூட்டா. 1344இல் மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்த அவர், ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்ட பட்டாலா என்னும் பட்டினத்தில் இறங்கினார். அதனைப் புத்தளம் எனக் கொள்வதே பெரும்பான்மை வழக்கு. சிறியதும் அழகியதுமான அவ்வூரை மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்திருந்தன என்றும், கரையிலே கறுவா மரங்கள் குவிந்து கிடந்தன என்றும் அவர் குறித்தார். கடல்வழி வந்தவரின் கண்ணில் முதலிற் பட்டது ஊரின் வேலியே என்பது நோக்கத்தக்கது.

பின்வந்த ஐரோப்பியருள் ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டளவிற் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கினர். 1795இல் அது பிரித்தானியர் வசமாயிற்று. இவ்வாட்சிகள் மனைமுகப்பில் விட்டுச்சென்ற சுவடுகள் ஈழத்துப் பேச்சுவழக்கில் இன்றும் உள. வீட்டின் முன்தாழ்வாரம் விறாந்தை எனப்பட்டது. அதை அடைத்த சட்டம் கிராதி எனப்பட்டது. வேலிக்கதியால் ஊன்றக் குழிதோண்டும் இரும்பு அலவாங்கு எனப்பட்டது. இம்மூன்றும் போர்த்துக்கீசச் சொற்களின் வழிவந்தவை. ஒல்லாந்தர் தாம் ஆண்ட பகுதிகளிற் காணிகளுக்குத் தோம்பு எழுதுவித்தனர். உடையவர் பெயரோடும் பங்குகளோடும் காணியில் நின்ற தென்னை, பலா, கமுகு முதலிய பயன்மரங்களும் தோம்புகளில் எண்ணப்பட்டன. பூஞ்செடிகளை அவர்கள் எண்ணவில்லை. நெடுநாள் நின்று பயன்தரும் மரமே உடைமைக்கு அடையாளம் என்னும் கருத்து அரசின் ஏட்டிலும் ஏறியதெனலாம்.

மரம் நட்டவன் ஒருவன், நிலத்துக்குரியவன் மற்றொருவன் என்னும் சிக்கலும் பழையதே. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமையில், பிறர் நிலத்தில் மரம் வைத்தவனுக்கு அதன் பயனில் உரிய பங்கு பற்றி விதிகள் உள்ளன. நட்ட கைக்கும் நிலத்துக்கும் இடையே ஓர் உறவு உண்டாகிவிடுகின்றது என்பதை அக்காலத்து வழக்கறிவு ஏற்றுக்கொண்டமைக்கு இது சான்று.

அழகுச் செடிகளின் வரவு வேறொரு வரலாறு. இன்று ஈழத்து வீடுகளின் முகப்பை அணிசெய்வனவற்றுட் பல கடல்கடந்து வந்தவை. ஈழத்தலரி எனப் பெயர்பெற்றதே அமெரிக்க வெப்பநாடுகளுக்கு உரியது. நித்தியகல்யாணி எனவும் பட்டிப்பூ எனவும் வழங்குவதன் தாயகம் மடகாஸ்கர். பலவண்ண இலைகளையுடைய குரோட்டன் மலுக்குத் தீவுகளைச் சார்ந்தது. போகன்விலா, 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிய பிரெஞ்சுக் கடலோடி புகன்வில்லின் பெயரைத் தாங்கியது. அப்பயணத்திற் சென்ற கொமெர்சன் அதனைப் பிரேசிற் கரையிற் கண்டார். 1821இல் நிறுவப்பட்ட பேராதனைப் பூந்தோட்டம் போன்ற நிலையங்கள் அயல்நாட்டுச் செடிகள் பல இத்தீவிற் பரவ உதவின. நித்தியகல்யாணியும் போகன்விலாவும் மணலுக்கும் வெயிலுக்கும் அஞ்சாதவை. சிறிது நீரே அவற்றுக்குப் போதும். கரையோர மக்கள் அவற்றை விரும்பி ஏற்றமைக்கு அவற்றின் நிறம் மட்டுமே காரணமாகாது.

எனினும் இக்கரையில் மனைமுகப்பின் அடிப்படை அணி கிடுகுவேலியே. தென்னோலையை இரண்டாகப் பிளந்து, நீரில் ஊறவைத்து, பின்னி உலர்த்தியது கிடுகு. வெயிலும் மழையும் பட்டு அது விரைவில் உக்கும். ஆண்டுதோறுமோ ஈராண்டுக்கொருமுறையோ வேலியைப் புதிதாக அடைத்தல் வேண்டும். உக்கிய பழைய கிடுகு தென்னையடிக்கு எருவாகும். வேலியைத் தாங்கும் கதியால்களோ உயிருள்ளவை. பூவரசு, கிளுவை, முள்முருக்கு என்பன தடியாக ஊன்றியவாறே வேர்கொண்டு தளிர்க்கும். உக்கும் கிடுகும் வளரும் கதியாலும் சேர்ந்ததே வேலி.

இங்கு செடிகொடிகளை அவற்றின் காலவளவால் வரிசைப்படுத்திப் பார்த்தல் பயனுடைத்து. கிடுகு ஓராண்டுக்குரியது. முருங்கைத் தடியும் பப்பாசியும் ஓராண்டளவிற் பயன் தரும். தென்னை காய்க்க 6, 7 ஆண்டுகள் செல்லும். பனைக்கு 12 முதல் 15 ஆண்டுகளேனும் வேண்டும். புன்னையின் நிழல் அடுத்த தலைமுறைக்கு உரியது. ஆகவே ஒருவன் தன் வாயிலின் முன் எதனை நடுகின்றான் என்பதைக் கொண்டு, அவன் அங்கு எத்துணைக் காலம் இருக்க நம்பினான் என்பதை ஒருவாறு அறியலாம்.

இவ்வளவுகோலின் கூர்மையை 1990ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் புலப்படுத்தின. அவ்வாண்டு ஒக்டோபர்த் திங்களில் வடமாகாண முஸ்லிம்கள் தம் ஊர்களினின்றும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்தம் தொகை ஏறத்தாழ 75,000 என்பர். மன்னார்த் தீவினர் பலர் வள்ளங்களிற் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். வீடும் கிணறும் தலைமுறையாக வளர்த்த மரங்களும் பின்னே நின்றன. புத்தளம் மாவட்டத்து மக்கள் அவர்களுக்கு உணவும் இடமும் அளித்தனர். தென்னந்தோட்டங்களில் ஓலைக்குடில்கள் எழுந்தன. சில நாட்களுக்கென இட்ட கிடுகு ஆண்டுக்கு ஆண்டு மாற்றப்பட்டு, பல ஆண்டுகள் சென்றன.

பிறர் காணியிலே குடியிருந்தோருக்கு மரம் நடுவது எளிய முடிவாகாது. முருங்கை ஊன்றினால் அடுத்த ஆண்டும் இங்கேயே இருப்போம் என்பது பொருளாகும். தென்னை நட்டால் பிறந்த ஊருக்குத் திரும்பும் நம்பிக்கையைக் கைவிட்டோமோ என்னும் ஐயம் எழும். நடாது விட்டால் பிள்ளைகள் வெறுமணலிலே வளர்வர். நிலத்துக்குரியவரின் மனநிலையையும் எண்ணுதல் வேண்டும். தம் காணியில் அயலார் வேரூன்றுவதை அவர் நோக்குவது எவ்வாறிருக்கும் என்பது கூறாமலே விளங்கும். தேசவழமை தீர்க்க முயன்ற சிக்கல், வேறு மக்களிடையே, பெருந்துயர் ஒன்றின் நடுவே மீண்டும் தோன்றியது.

உலக வங்கியின் நிதியுதவியுடன் 2007இல் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தின்கீழ் ஓலைக்குடில்கள் பல கல்வீடுகளாயின. அவ்வுதவியைப் பெறுவதற்குக் காணியுரித்து முதன்மையான தேவையாக இருந்தது. உரித்துக் கையில் வந்தபின் நடுவது முன்போன்ற ஐயத்துக்குரியதன்று. 2009இல் போர் முடிந்தபின் வடக்கே மீண்டோரும் உளர். புத்தளத்திலே நிலைத்தோரும் உளர். மீண்டோருட் பலர் கண்டது காடேறிய முன்றில். அங்கும் முதல்வேலை பற்றையை வெட்டி, கிணற்றை இறைத்து, வேலியை அடைத்தலேயாயிற்று.

இனி, இவ்வரலாறு மனைமுகப்பைத் திருத்த முனைவோருக்கு உணர்த்துவது யாது? கிடுகுவேலி இருந்த இடங்களிற் பல இன்று சீமெந்து மதிலைக் கொண்டுள்ளன. முற்றத்துக்கும் கல் பதிக்கின்றனர். மதில் மறைப்பைத் தருவது மெய்யே. ஆயினும் மூடிய முற்றத்தில் விழும் மழை நிலத்துட் செல்லாது தெருவுக்கு ஓடிவிடுகின்றது. நன்னீர்ப்படை மெலிந்த மணல்நாட்டில் அவ்விழப்பைக் கிணறே முதலில் அறியும். இதனினும் சிறுசெலவில் முடியும் திருத்தங்கள் முன்னோர் கண்டவையே. காற்று வரும் பக்கத்திற் பூவரசங் கதியால் நெருக்கி ஊன்றலாம். தேங்காய் உரிமட்டையைக் குழியிற் புதைத்து அதன்மேற் செடி வைத்தால் ஈரம் நெடுநாள் நிற்கும். பாத்திரங் கழுவிய நீரை வாழைக்கும் செவ்வரத்தைக்கும் திருப்பலாம். சுவருக்குச் சுண்ணாம்பும், படலைக்கு ஒரு புதிய சட்டமும், வாயில்வரை மணலை அணைக்கும் கல்வரிசையும் போதும். முற்றம் மூச்சுவிட இடம் விடுதலே இன்றியமையாதது.

அழகு இவற்றால் வருவது உண்மை. அதனினும் மேலாக, இங்கே ஒருவர் வாழ்கின்றார், நாளையும் வாழ எண்ணுகின்றார் என்னும் செய்தி தெருவுக்குச் சென்று சேர்கின்றது. மரக்கலங்கள் அணைந்த காலமுதல் வந்தோரையும் பெயர்ந்தோரையும் கண்ட கரை அது. அக்கரையில் ஒரு வீட்டார் தம் முன்றிலில் அச்சமின்றித் தென்னம்பிள்ளை ஒன்றை நட இயலுமாயின், அந்நாட்டின் அமைதிக்கு அதனினும் நல்ல அளவுகோல் வேறில்லை.