எங்க ஊர் மலையில ஏன் எண்ணெய் இல்லை?

கார்த்திகை தீபத்தன்னைக்கு திருவண்ணாமலை உச்சியில எரியறது ஆயிரக்கணக்கான கிலோ நெய். 2,668 அடி உயரத்துல, ஆள் உயரக் கொப்பரையில. அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அந்த மலைக்குப் பக்கத்துலயே பூமிக்கு அடியில பெட்ரோல் ஓடுதுன்னு ஒரு மனுஷன் நம்பினார். அது யாருக்கும் தெரியாத கதை. அந்த மனுஷன் என் தாய்மாமா.

(கொசுவத்தி சுத்தப் போறேன். பொறுத்துக்கோங்க மக்களே.)

1985 வாக்குல நாகூர் பக்கம் நரிமணத்துல எண்ணெய் கிடைச்சுது. அந்தச் செய்தி பேப்பர்ல வந்தப்போ டீக்கடையில எல்லாம் அதே பேச்சு. தமிழ்நாடு துபாய் ஆகப் போகுதுன்னு ஒருத்தர், இனிமே லிட்டர் ஒரு ரூபாய்தான்னு இன்னொருத்தர். மாமாவுக்கு வேட்டவலம் ரோட்டுப் பக்கம் மூணு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருந்துது. அந்தக் கிணத்துத் தண்ணி மேல மயில் கழுத்து மாதிரி ஊதாவும் பச்சையுமா ஒரு ஏடு படிஞ்சிருக்கும். நரிமணம் செய்தி வர்ற வரைக்கும் யாரும் அதைக் கண்டுக்கல. வந்ததுக்கப்புறம் மாமாவுக்கு அதுல கெரசின் வாசம் அடிக்க ஆரம்பிச்சிடுச்சு!

அத்தையோட வளையல் நாலு அடகுக்குப் போச்சு. போர் வண்டி வந்துது. முதல் இருபது அடிக்கு அப்புறம் பாறைதான். 600 அடி வரைக்கும் வெறும் வெள்ளைப் புகையும் கருங்கல் தூளும். எண்ணெயும் வரல, தண்ணியும் வரல. அந்த வளையல் கடைசி வரைக்கும் திரும்பி வரல.

ஆறேழு வருஷம் கழிச்சு மாமா பையன் காலேஜ்ல புவியியல் எடுத்தான். (ஜியாலஜிங்க, ஜியாகிரபி இல்ல. இந்த விளக்கத்தை அவன் ஆயுசு பூரா சொல்லிக்கிட்டு இருக்கான்.) முதல் வருஷ லீவுல வந்தவன் நேரா கிணத்துக்குப் போய் ஒரு குச்சியால அந்த ஏட்டைக் குத்தினான். அது கண்ணாடிச் சில்லு மாதிரி துண்டு துண்டா உடைஞ்சு தனித்தனியா மிதந்துது. "அப்பா, எண்ணெயா இருந்தா திரும்பவும் ஒண்ணா சேர்ந்துக்கும். இது உடைஞ்சு நிக்குது பாருங்க. தண்ணியில இருக்கற இரும்பைத் தின்னு வாழற பாக்டீரியா பண்ற வேலை இது"ன்னான். மாமா ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு, "இந்தக் குச்சி அன்னைக்கு எங்கடா இருந்துது?"ன்னு மட்டும் கேட்டார்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். 600 அடி என்ன, 6,000 அடி போட்டிருந்தாலும் எங்க ஊர்ல எண்ணெய் வந்திருக்காது. ஏன்?

எண்ணெய்ங்கறது ஒரு சமையல். கடல்ல வாழ்ந்து செத்த பாசி, நுண்ணுயிரெல்லாம் சேத்தோட சேர்ந்து புதையணும். மேல மேல வண்டல் படிஞ்சு அது கீழ இறங்கணும். அங்க சுமார் 60 டிகிரியிலிருந்து 120 டிகிரி சூட்டுல லட்சக்கணக்கான வருஷம் வேகணும். சூடு பத்தலைன்னா வேகாது. ரொம்ப ஏறினா எரிவாயு. அதுக்கும் மேல போனா வெறும் கரி. வெந்த எண்ணெய் தங்கறதுக்கு ஓட்டை ஓட்டையான மணற்கல் வேணும், அது தப்பிச்சுப் போகாம மேல களிமண் மூடி வேணும்.

எங்க மாவட்டத்துப் பாறை 250 கோடி வருஷத்தை ஒட்டின பழசு. இந்தப் பக்கமெல்லாம் சார்னோகைட், நைஸ் வகைதான். சார்னோகைட்டுக்கு அந்தப் பேரை வச்சவர் தாமஸ் ஹாலண்ட், 1893-ல. கல்கத்தாவை நிறுவினதா சொல்லப்படற ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல் நம்ம பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறை வகை. அதனால அந்தப் பேர். பூமிக்கு ரொம்ப ஆழத்துல, 700 டிகிரிக்கும் மேல வெந்து உருவான கல் அது. 120 டிகிரியில முடிய வேண்டிய சமையலை 700 டிகிரியில வச்சா அடிப்பிடிக்கறது மட்டுமில்ல, பாத்திரமே மிஞ்சாது. சிவபெருமான் அக்கினி மலையா நின்ன ஊர்னு புராணம் சொல்லுது. நெருப்புல வெந்த கல்லுன்னு ஜியாலஜியும் அதேதான் சொல்லுது :-)

அப்போ எண்ணெய் எங்க இருந்து ஆரம்பிக்குது? திருவண்ணாமலையில பாண்டிச்சேரி பஸ் ஏறி ஜன்னல் ஓரமா உக்காருங்க. செஞ்சி வரைக்கும் யானை படுத்த மாதிரி கருங்கல் குன்று. திண்டிவனம் தாண்டி, மயிலம் பக்கம் போனதும் குன்று மறைஞ்சு செம்மண்ணு வந்துடும். கொஞ்சம் உள்ள போனா திருவக்கரை. வக்ரகாளியம்மனைக் கும்பிட பௌர்ணமிக்குப் போறவங்க பாதிப் பேர் அங்க இருக்கற கல்மரப் பூங்காவை எட்டிப் பாக்கறதில்ல. மரமெல்லாம் கல்லாகிக் கிடக்கும். அங்க நிக்கறப்போ நீங்க பாறை நாட்டை விட்டு வண்டல் நாட்டுக்குள்ள வந்துட்டீங்கன்னு அர்த்தம். அதுதான் காவிரிப் படுகையோட மேற்கு ஓரம். நிலப்பகுதி மட்டும் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர்.

இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்த காலத்துல, சுமார் 13, 14 கோடி வருஷத்துக்கு முன்னாடி, நிலம் கிழிஞ்சு பள்ளம் பள்ளமா இறங்கிச்சு. கடல் உள்ள வந்துது. அந்தக் கடலோட சாட்சியை முதல்ல உலகத்துக்குக் காட்டினது ரெண்டு பேர், கே, கன்லிஃப். 1840-கள்ல பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கம் அவங்க பொறுக்கின சிப்பியையும் நத்தையையும் லண்டன்ல எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ஞ்சு 1846-ல எழுதினார். அடுத்து வந்த ஹென்றி பிளான்ஃபோர்ட் திருச்சி, தென்னாற்காடு பூரா சுத்தி, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர்னு மூணா பிரிச்சார். இன்னைக்கும் மாணவர்கள் படிக்கறது அந்தப் பிரிவுதான். (இதே பிளான்ஃபோர்ட் பின்னாடி இந்திய வானிலைத் துறைக்கு முதல் தலைவராவும் போனார். மழை சொல்றதும் மண்ணு சொல்றதும் ஒரே ஆள்!) அந்தப் புதைபடிவங்களை வருஷக்கணக்கா உக்காந்து விவரிச்ச ஸ்டோலிச்கா, 1874-ல லடாக்ல இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார். பெரம்பலூர் சாத்தனூர் கல்மரத்தை 1940-ல எழுதின எம்.எஸ். கிருஷ்ணன் நம்ம தஞ்சை மாவட்டத்துக்காரர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியர் அவர்தான்.

இவங்க யாரும் எண்ணெய் தேடல. ஆனா 1956-ல எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் வந்து, அந்தப் பத்தாண்டு முடியறப்போ காவிரிப் படுகையில தேட ஆரம்பிச்சப்போ, கையில இருந்த வரைபடம் இந்தச் சிப்பிக்காரங்க போட்டதுதான். டெல்டாவுல எல்லாத்தையும் வண்டல் மூடிக் கிடக்கு. அரியலூர்ல அதே வகைப் பாறை வெளியில தெரியுது. மூடியிருக்கற புஸ்தகத்தோட பக்கங்கள் அங்க திறந்து கிடக்கற மாதிரி. அதனாலதான் பல்கலைக்கழகப் பசங்க வருஷா வருஷம் காரைக்கும் டால்மியாபுரத்துக்கும் கூடாரம் தூக்கிக்கிட்டுப் போறாங்க. (டால்மியாபுரம்னா நம்ம கல்லக்குடிதான். 1953 போராட்டம் ஞாபகம் வருதா?) 2009-ல செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைன்னு பேப்பர்ல வந்துதே, அதைக் கண்டுபிடிச்சதும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்காரங்கதான்.

துளை போடறப்போ சேத்தோட சேர்ந்து மேல வர்ற கல்துகளைக் கழுவி நுண்ணோக்கியில பார்ப்பாங்க. அதுல ஃபொராமினிஃபெரான்னு கடுகை விடச் சின்ன ஓட்டுயிர் இருக்கும். எந்த வகை இருக்குன்னு பார்த்தா துளை எந்தக் காலத்துப் பாறையில நிக்குதுன்னு தெரியும். மாமா பையன் ரெண்டு வருஷம் பண்ணினது இதே வேலைதான். இந்தத் துறையில பாறை அடுக்குகளுக்கு வச்சிருக்கற பேரைக் கேட்டா உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும்: ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம். டவுன் பஸ் போர்டு மாதிரி இல்ல? உலகத்துல எந்த மூலையில இருந்து ஆராய்ச்சி பண்றவனும் நன்னிலம்னு சொல்லியே ஆகணும்.

இவ்வளவு இருந்தும் சட்டுனு கிடைக்கல. முதல் ஆழ்கிணறு 1964-ல. அப்புறம் ஏறக்குறைய இருபது வருஷம் கழிச்சுத்தான் சொல்லிக்கற மாதிரி எண்ணெய். 1993-ல பனங்குடியில வருஷத்துக்கு 5 லட்சம் டன் சுத்திகரிக்கற ஆலை வந்துது. அக்கரையிலயும் இதே பள்ளம்தான். மன்னார் பேசாலையில 1974-லயே சோவியத் உதவியோட தோண்டினாங்க, தேறல. 2011-லதான் மன்னார்க் கடல்ல எரிவாயு தென்பட்டுது. மாமா 600 அடியில விட்டுட்டார்னு சிரிச்சோமே, அரசாங்கமே இருபது வருஷம் காத்திருந்திருக்கு. ஒரே வித்தியாசம், அவங்க சரியான பாறையில நின்னு காத்திருந்தாங்க.

இனிமேதான் இதை எழுத வச்ச விஷயம்.

மாமா பையன் படிப்பு முடிச்சு டெல்டா பக்கம் ஒரு ஒப்பந்தக்காரர்கிட்ட வேலைக்குப் போனான். 2017-ல, நெடுவாசலும் கதிராமங்கலமும் கொதிச்சுக்கிட்டு இருந்த நேரம். அதுக்கு முன்னாடி மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊரா நடந்த நம்மாழ்வார் 2013 டிசம்பர்ல அங்கேயே பட்டுக்கோட்டைப் பக்கம்தான் காலமானார். அந்தக் கோபமெல்லாம் ஆறாத காலம். டீக்கடையில ஒரு பெரியவர் இவன்கிட்ட கேட்டிருக்கார்: "தம்பிக்கு எந்த ஊரு?"

"திருவண்ணாமலைங்கய்யா."

"உங்க ஊருல அவ்ளோ பெரிய மலை சும்மாதானே நிக்குது. அங்க போயி தோண்ட வேண்டியதுதானே? எங்க வயக்காடுதான் கிடைச்சுதா?"

இவன் 120 டிகிரி, 700 டிகிரின்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. "எங்கப்பா தோண்டிப் பார்த்தாருங்கய்யா, கிடைக்கல"ன்னிருக்கான். பெரியவர் சிரிச்சுட்டு டீ வாங்கிக் கொடுத்தாராம். அடுத்த வருஷம் இவன் வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துட்டான்.

அந்தப் பெரியவர் கேள்விக்கு உண்மையான பதில் கொஞ்சம் கொடுமையானது. நிலம் இறங்கிப் பள்ளமானதாலதான் அங்க வண்டல் சேர்ந்துது. கீழ இருக்கற பழைய வண்டல் எண்ணெய் ஆச்சு, மேல இருக்கற புது வண்டல்ல நெல் விளையுது. ரெண்டையும் கொடுத்தது ஒரே பள்ளம். எண்ணெயை நகர்த்தி வேற ஊர்ல வைக்க முடியாது. வயலையும் முடியாது. எது வேணும்ங்கறதை பாறை சொல்லாது, மனுஷங்கதான் சொல்லணும். 2020-ல வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவுல புதுசா எண்ணெய், எரிவாயு எடுக்கறதைத் தடுத்துது. ஏற்கனவே நடக்கறதைத் தொடல. 2021-ல நாகப்பட்டினத்துல வருஷத்துக்கு 90 லட்சம் டன் திறனுள்ள புது ஆலைக்கு அடிக்கல்லும் நட்டாங்க. ரெண்டும் அடுத்தடுத்த வருஷத்துல.

மாமா போய் நாலு வருஷம் ஆச்சு. அந்த போர் இன்னும் இருக்கு, வாயில கல்லை வச்சு மூடியிருக்கு. போன தீபத்துக்குப் போனப்போ நானும் மாமா பையனும் அது பக்கத்துல நின்னுதான் தீபம் பார்த்தோம். கிணத்துல அந்த மயில் கழுத்து ஏடு அப்படியே இருந்துது. எனக்கென்னவோ ஆசையா இருந்துது. ஒரு குச்சி எடுத்துக் குத்திப் பார்த்தேன்.

சேரல. :-(

(உங்க ஊர்க் கிணத்துலயும் இப்படி ஏடு இருந்தா, வளையலைக் கழட்டறதுக்கு முன்னாடி முதல்ல குச்சியை எடுங்க. டெல்டா பக்கத்து நண்பர்கள் பின்னூட்டத்துல வந்து சண்டை போடலாம், தப்பில்ல.)