ஓமக்குளத்துப் பள்ளிக்கூடம்: ஆசிரியர் நினைவும் மாணவர் தலைமையும்



வாழ்நாள் முழுவதையும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த ஒருவரை எப்படி நினைவில் வைத்திருப்பது? நம் ஊர்களில் இதற்கு வழக்கமான பதில்கள் இருக்கின்றன. சிலை வைப்போம், மாலை போடுவோம், சுவரொட்டி ஒட்டுவோம். சுவாமி சகஜானந்தருக்குச் சிதம்பரத்தில் அரசு மணிமண்டபம் அமைத்திருக்கிறது. நெடுநாள் கோரிக்கைக்குப் பின் கிடைத்தது அது. அதை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. சேரியில் பிறந்த ஒரு ஆசிரியருக்கு அரசுச் செலவில் மண்டபம் எழுவதே இந்த மண்ணில் சாதாரணச் செய்தி இல்லை. என்றாலும் ஆசிரியரின் பணி அவருடைய மாணவர்கள் வழியாகத்தான் தொடரும். எனவே அவர் பெயரில் மாணவர் தலைமைக்கான உதவித்தொகை ஒன்றை நாமே தொடங்க வேண்டும் என்ற யோசனையை இந்த நினைவுச் சொற்பொழிவில் முன்வைக்கிறோம். பணம் திரட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உதவித்தொகை என்பது நம் மக்களுக்கு எப்படி வந்தது, என்ன விலை கேட்டது, என்ன தந்தது என்ற வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தாக வேண்டும்.

சகஜானந்தர் 1890இல் ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தார். அன்றைக்கு ஊர்ப் பள்ளிகளின் திண்ணைகூட நம் பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்டிருந்தது. பெரும்பாலும் மிஷன் பள்ளிகளே கதவைத் திறந்தன. அந்தக் கடனை நம் வரலாறு மறக்கக் கூடாது. ஆனால் திறந்த கதவுக்குள்ளும் ஒரு நிபந்தனை இருந்தது. மதம் மாறும்படி முனுசாமியை வற்புறுத்தினார்கள். அவர் மறுத்தார். படிப்பு அங்கேயே நின்றுபோனது. பிழைப்புக்காகக் கோலார் தங்கவயலுக்குப் போனது அவர் குடும்பம். அங்கிருந்து சென்னைக்கு வந்து, வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சீடராகி, சகஜானந்தர் என்ற பெயரைப் பெற்றார். 1910இல் சிதம்பரம் வந்து சேர்ந்தார்.

மதம் மாறியவர்கள் தவறு செய்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. மாறியவர்களுக்கும் மாறாதவர்களுக்கும் அவரவர் நியாயம் உண்டு. இங்கே பிரச்சினை வேறு. படிப்புக்கு ஈடாக மனச்சாட்சியைக் கேட்கும் உரிமை கொடுப்பவருக்கு உண்டா? பதின்வயதுப் பையன் ஒருவன் இல்லை என்று சொன்னான். அதற்காகப் படிப்பை இழந்தான். பின்னாளில் அவன் பள்ளிக்கூடம் கட்டியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

1916இல் சிதம்பரம் ஓமக்குளத்தில் 25 மாணவர்களோடு நந்தனார் பள்ளி தொடங்கியது. அந்தப் பெயரையும் அந்த இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆதனூர் நந்தன் தில்லைக்குள் நுழைய வேண்டுமானால் தீயில் மூழ்கி எழ வேண்டும் என்று விதித்தது புராணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கதையைத் திரும்பச் சொன்னபோது, பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பண்ணையாரையும் உள்ளே கொண்டுவந்தார். வழிபடவும் விடுப்புக் கேட்டு நிற்கும் பண்ணையாளாக நந்தன் மாறினான். நந்தன் தீ புகுந்த இடமாக மக்கள் நம்பும் ஓமக்குளத்தில்தான் சகஜானந்தர் கரும்பலகையை மாட்டினார். உள்ளே வருவதற்கு யாரும் எரிய வேண்டாம், எழுதப் படித்தால் போதும் என்று அந்த இடத்திலிருந்தே சொன்னதாக நாம் அதை வாசிக்கலாம்.

இந்த வாசிப்போடு எல்லாத் தோழர்களும் உடன்பட மாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். நந்தனைப் பக்தனாகக் கொண்டாடுவதே அடங்கிப் போவதைக் கொண்டாடுவதாகாதா என்ற கேள்வி தலித் விமர்சனத்தில் இருக்கிறது. சகஜானந்தர் சைவத் துறவி. காங்கிரசில் இயங்கியவர். அம்பேத்கரின் வழி வேறு, அவர் வழி வேறு. இந்த வேறுபாட்டை மழுப்பி அவரைப் புனிதராக்குவது நம் வேலை இல்லை. ஆனால் கருத்து மாறுபாட்டைக் காரணம் காட்டி ஓமக்குளத்துப் பள்ளியை வரலாற்றிலிருந்து விடுவதும் நியாயம் ஆகாது. அந்தப் பள்ளி இன்றும் அரசு நந்தனார் பள்ளியாக இயங்குகிறது. நூறாண்டுக்கு மேலாக, வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைகள் அதன் வழியாகவே வெளியே போனார்கள்.

சென்னை மாகாணத்தின் ஒடுக்கப்பட்டோர் அரசியலைப் படிப்பவர்கள் ஒரு செய்தியைக் கவனிக்கலாம். தலைவர்கள் பலர் பள்ளிக்கூடத்தோடு தொடர்புள்ளவர்கள். அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டோடு உறவு கொண்டிருந்த காலத்தில்தான் 1894இல் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளி தொடங்கியது. எம்.சி.ராஜா பள்ளி ஆசிரியர். சட்டமன்றத்துக்குள் சென்று, பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏற்கும் தீர்மானத்தை 1922இல் கொண்டுவந்தவர். சகஜானந்தர் 1926இல் சட்டமன்றத்தில் நுழைந்தார். நடுவில் சில ஆண்டுகள் தவிர 1959 மே 1இல் மறையும் வரை உறுப்பினராக இருந்தார். காலையில் வருகைப் பதிவேடு, மாலையில் மனு எழுதுவது, இடையில் சட்டமன்றம் என்பதே இவர்கள் வாழ்க்கை. தலைமை என்பதை இவர்கள் மேடையில் பெறவில்லை. ஒரு பிள்ளைக்குச் சேர்க்கை கிடைக்காதபோது அந்தப் பிள்ளைக்காக அதிகாரியின் முன் போய் நின்றதில் அது உருவானது.

இதே காலத்தில் பம்பாயில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1907இல் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசாகக் கொடுத்தார். பிறகு பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் சொல்லி, கல்லூரிப் படிப்புக்கு மாதம் 25 ரூபாய் கிடைக்க வழி செய்தவரும் அவரே. 1913இல் அதே மன்னரின் உதவித்தொகையில் அம்பேத்கர் கொலம்பியா சென்றார். ஓமக்குளத்தில் 25 பிள்ளைகள் உட்கார்ந்த அதே 1916இல், கொலம்பியாவில் சாதியின் தோற்றத்தையும் இயக்கத்தையும் பற்றிய ஆய்வுரையை அவர் படித்தார்.

இந்த உதவித்தொகைக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. படித்து முடித்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும். 1917இல் அம்பேத்கர் ஒப்பந்தப்படி பரோடா போனார். நகரில் எந்த இந்து விடுதியும் அவருக்கு இடம் தராது என்பது தெரிந்திருந்தது. பார்சி சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் வெளியேறச் சொன்னது. நண்பர்கள் வீட்டிலும் இடம் இல்லை. பொதுப் பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்து, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். கடல் கடந்து படிக்கப் பணம் கொடுத்த சமஸ்தானத்தில் அவர் படுக்க ஒரு கூரை இல்லை. உதவித்தொகை தனி ஒருவரை உயர்த்தலாம். அவர் திரும்பி வந்து நிற்கும் தெரு பழைய தெருவாகவே இருந்தால் அந்த உயர்வு எத்தனை நாள் தாங்கும்?

இதிலிருந்து அம்பேத்கர் எடுத்த முடிவு முக்கியமானது. கொடையாளியின் கருணையிலிருந்து கல்வி உதவியை அரசின் கடமைக்கு மாற்ற அவர் முயன்றார். 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் கவுன்சிலில் உறுப்பினரானதும் பட்டியல் சாதியினரின் உயர்கல்விக்கு நிதி கேட்டு வாதாடினார். 1944இல் மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. இன்று நம் மாணவர்கள் பெறும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வேர் அதுதான். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. 1950இல் அவுரங்காபாத்தில் பின்னாளில் மிலிந்த் என்று பெயர் பெற்ற கல்லூரி. மிலிந்தின் வகுப்பறைகளும் விடுதியும் மராத்தி தலித் இலக்கியத்தின் விளைநிலம் ஆயின. அங்கே பாடம் நடத்திய கங்காதர் பான்தாவணேதான் அஸ்மிதாதர்ஷ் இதழை நடத்தினார். உணவும் கூரையும் புத்தகமும் தோழமையும் ஒரே இடத்தில் கிடைத்தபோது அங்கே எழுத்தாளர்களும் உருவானார்கள், போராளிகளும் உருவானார்கள்.

ஆனால் அரசின் கடமையாக ஆன பின்னும் உதவித்தொகை தானாக வந்து சேர்ந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டின் அரசாணை 92ஐ நாம் எல்லோரும் அறிவோம். வருமான வரம்புக்கு உட்பட்ட பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களிடம் தனியார் கல்லூரிகளும் அரசு நிர்ணயித்த கல்விக் கட்டணத்தை வாங்கக் கூடாது, அதை அரசே செலுத்தும் என்பது அதன் சாரம். அரசாணை ஒரு பக்கம் இருக்க, கட்டணம் கேட்டுச் சான்றிதழை வைத்துக்கொள்ளும் கல்லூரிகளின் வாசலில் நின்ற அனுபவம் இங்கே உள்ள செயல்பாட்டாளர்களுக்கு உண்டு. ஒன்றிய அரசும் மாநிலங்களும் நிதிச் சுமையை ஒருவர்மேல் ஒருவர் தள்ளிக் கொண்டிருந்த நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 2020 டிசம்பரில்தான் 60:40 என்ற பங்கீடு முடிவானது. தாமதத்தின் விலையை இரண்டு அரசுகளும் கொடுக்கவில்லை, மாணவர்கள் கொடுத்தார்கள்.

ரோகித் வெமுலாவின் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் செயல்பட்டவர். மாதக் கணக்கில் அவருக்கு ஆய்வு உதவித்தொகை வரவில்லை. விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். 2016 ஜனவரி 17இல் அவர் உயிர் பிரிந்தபோது விட்டுச் சென்ற கடிதத்தில், தமக்கு வர வேண்டிய ஏழு மாதத் தொகையைக் குடும்பத்திடம் சேர்க்கும்படி கேட்டிருந்தார். தலைமைப் பண்பு உள்ள மாணவரைத் தண்டிக்கும் கருவியாகவே விடுதியையும் உதவித்தொகையையும் மாற்ற முடியும் என்பதை அந்தச் சாவு நமக்குக் காட்டியது. 1917 பரோடாவுக்கும் 2016 ஹைதராபாத்துக்கும் இடையே நூறாண்டு. இரண்டு இடத்திலும் நம் படித்த பிள்ளைக்குக் கூரை மறுக்கப்பட்டது.

எனவே சகஜானந்தர் பெயரில் நாம் தொடங்கும் உதவித்தொகை, அளவில் சிறியதாக இருந்தாலும், இந்த வரலாற்றிலிருந்து சில விதிகளைக் கற்றிருக்க வேண்டும்.

முதலாவது, பெறுபவரின் நம்பிக்கைக்கோ கட்சிக்கோ இயக்கத்துக்கோ நிபந்தனை கூடாது. நம் மன்றத்தை விமர்சிக்கும் மாணவருக்கும் அது கிடைக்க வேண்டும். திண்டிவனத்தில் இழந்ததை நாம் இன்னொருவருக்குச் செய்யக் கூடாது.

இரண்டாவது, தொகை கல்வியாண்டு தொடங்கும்போதே கையில் சேர வேண்டும். விடுதிக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் பரிசளிப்பு விழாவுக்காகக் காத்திருப்பதில்லை. விழாவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, தலைமையை மதிப்பெண்ணை வைத்தோ ஆங்கிலப் பேச்சை வைத்தோ அளக்கக் கூடாது. விடுதியில் கெட்டுப்போன சோற்றுக்கு எதிராக முதல் கையெழுத்துப் போட்டவர் யார், தெருவில் மாலைப் பாடம் நடத்துபவர் யார், படிப்பை நிறுத்திய தோழியைத் திரும்பப் பள்ளிக்கு அழைத்து வந்தவர் யார் என்று கேட்போம். வீட்டு வேலையும் கூலி வேலையும் பார்த்துக்கொண்டே இதைச் செய்யும் பெண்களை நம் தேர்வுக் குழுக்கள் எளிதில் கவனிக்காமல் விட்டுவிடும். அருந்ததியர் பிள்ளைகளையும், பழங்குடிப் பிள்ளைகளையும் அப்படியே. எனவே தேர்வுக் குழுவில் இவர்கள் இருக்க வேண்டும்.

நான்காவது, பெற்றவர் அடுத்த ஆண்டு வேறொரு மாணவருக்கு விண்ணப்பம் எழுதவும் அலுவலகம் ஏறவும் துணை நிற்க வேண்டும். அதை நிபந்தனையாக எழுதி வாங்க வேண்டாம், பழக்கமாக வளர்ப்போம். 1956இல் ஆக்ராவில் பேசிய அம்பேத்கர், படித்தவர்கள் தம்மைக் கைவிட்டார்கள் என்று வருந்தினார். அந்த வருத்தத்துக்கு நாம் தரக்கூடிய பதில் இதுவே.

தனியார் உதவித்தொகை அரசின் கடமைக்கு மாற்றாகாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். பத்து மாணவர்களுக்கு நாம் பணம் கொடுத்துவிட்டு, லட்சக்கணக்கானவர்களுக்கு வர வேண்டியதைக் கேட்காமல் இருந்தால் சகஜானந்தரின் சட்டமன்ற வாழ்க்கைக்கே பொருள் இல்லாமல் போகும். அவர் பள்ளியும் நடத்தினார், அரசிடமும் கேட்டார். நம் உதவித்தொகையைப் பெறும் மாணவரும் இரண்டையும் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். வரும் கல்வியாண்டுக்கு முன் முதல் தொகையைத் திரட்டி முடிப்போம். அதோடு, நம் மாவட்ட ஆதிதிராவிடர் விடுதிகளின் நிலையையும் நிலுவையில் உள்ள உதவித்தொகையையும் பட்டியலிட்டு அரசின் முன் வைப்போம். இரண்டு வேலைகளையும் மாணவர்களே முன்னின்று நடத்தட்டும்.