மருந்துக்கு ஆள் தெரியாது

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுசாக வாசியுங்கள்.

போன கிழமை பதினோராம் தரத்தில் 1818 ஊவா - வெல்லஸ்ஸப் போராட்டத்தைப் படிப்பித்துக் கொண்டிருந்தோம். பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், எல்லாத் துவக்குக்கும் ஒரே மருந்துதானா? சின்னத் துவக்குக்குப் போடுறதைப் பெரிசுக்கும் போடலாமா?"

வகுப்பே சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வந்ததல்ல என்று உடனே விளங்கியது. எங்கேயோ யாரோ மருந்து இடிப்பதை அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறான். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம். முதலில் கேள்விக்குப் பதில். அந்தப் பதிலுக்குள் எங்கள் ஊவாவின் முந்நூறு, நானூறு வருடக் கதை இருக்கிறது.

பழைய கறுப்பு மருந்தில் மூன்றே சாமான்கள்: வெடியுப்பு, கரி, கந்தகம். கரியும் கந்தகமும் எரிபவை. அவை எரியத் தேவையான ஒட்சிசனைக் கொடுப்பது வெடியுப்பு. அதனால்தான் அடைத்த குழாய்க்குள்ளும் அது எரிகிறது. எரியும் வேகத்தைத் தீர்மானிப்பது மணியின் அளவு. பொடி மணி சட்டென்று எரிந்து முடியும், பெரிய மணி ஆறுதலாக எரியும். கைத்துப்பாக்கியின் குழாய் குட்டையானது. குண்டு வெளியே போவதற்குள் மருந்து எரிந்து முடிய வேண்டும் என்பதால் அதற்குப் பொடி மணி. பீரங்கிக்குப் பொடி மணியைப் போட்டால் குண்டு நகர முன்பே அழுத்தம் ஏறிக் குழாயே வெடிக்கலாம். ஆகவே எல்லாத் துவக்குக்கும் ஒரே மருந்து இல்லை.

ஆனாலும் எதற்கும் பொருந்தும் ஒரு மருந்து வேண்டும் என்ற ஆசை மனிதனை விட்டதில்லை. போருக்குப் போகிறவன் நாலு வகை மருந்தைச் சுமக்க முடியாதல்லவா?

எங்கள் மலைநாட்டில் மருந்தின் பலத்தை விட அதைக் காய வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலையாக இருந்தது. 1630 ஆகஸ்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா படையோடு ஏறிவந்து பதுளையை எரித்தார். திரும்பும் வழியில் வெல்லவாய பக்கம் ரந்தெனிவெலையில் செனரத் மன்னனின் புதல்வர்களுடைய படை அவரைச் சுற்றி வளைத்தது. அவரோடு வந்த உள்ளூர் வீரர்கள் பெரும்பாலானோர் மன்னர் பக்கம் மாறினார்கள். கொட்டிய மழையில் திரியும் மருந்தும் நனைந்தன. ஐரோப்பாவின் துவக்குகள் வெறும் தடிகளாயின. டி சா அங்கேயே மாண்டார். வெள்ளவாயப் பாதையில் இறங்கும்போது அந்த மழையை ஒரு தரம் நினைத்துப் பாருங்கள்.

இந்தச் செனரத் மன்னர்தான், 1626இல் போர்த்துக்கேயர் எங்கள் முன்னோரைக் கரையோரத்திலிருந்து விரட்டியபோது, கண்டி இராச்சியத்தில் இடம் கொடுத்தவர். மட்டக்களப்புப் பக்கம் மாத்திரம் நாலாயிரம் பேரைக் குடியேற்றியதாக வரலாறு பேசுகிறது. ஊவாவின் கதையை "அவர்களுடைய கதை" என்று நாங்கள் ஒதுக்க முடியாததற்கு இது ஒரு காரணம்.

கண்டி இராச்சியம் மருந்தை வெளியிலிருந்து வாங்கிக் கொண்டு மட்டும் இருக்கவில்லை. சொந்தமாகவும் செய்தது. 1816 முதல் 1820 வரை இங்கே இராணுவ வைத்தியராக இருந்த ஜோன் டேவி, 1821இல் வெளியிட்ட நூலில் அதை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். இரசாயன விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் தம்பி இவர். தும்பறைப் பக்கம் மீமுரேக்கு அருகில் ஒரு பெரிய குகை. வௌவால் எச்சம் ஊறிய பாறையையும் மண்ணையும் சுரண்டி எடுப்பார்கள். விறகுச் சாம்பலோடு கலந்து தண்ணீர் விட்டு வடிப்பார்கள். அந்த நீரைக் காய்ச்சி ஆற வைத்தால் வெடியுப்பு படியும். மழையில்லாத மாதங்களில் மட்டும் நடந்த வேலை அது. செய்தவர்கள் அரச களஞ்சியத்துக்கு உப்புக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். சாம்பலில் உள்ள பொட்டாசியம் ஏன் தேவை என்று அவர்களுக்கு யாரும் விஞ்ஞானம் படிப்பிக்கவில்லை. ஆனால் சாம்பல் இல்லாவிட்டால் நல்ல உப்பு வராது, வரும் உப்பு ஈரத்தை இழுக்கும் என்பது அனுபவத்தில் தெரிந்திருக்கிறது.

வெடியுப்பு குகையில், கரி காட்டில். கந்தகம்தான் மலையில் பெரிதாகக் கிடைக்காத சாமான். 1766 ஒப்பந்தத்தோடு கண்டி மன்னருக்குக் கரையோரம் முழுவதும் இல்லாமல் போனது. அதன்பிறகு கடலிலிருந்து வரும் எதுவும் இன்னொருவர் வாசலைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும். உப்பும் கருவாடும் புடவையும் மாட்டு முதுகில் ஏறிய தவளப் பாதைகளை நினைத்துப் பாருங்கள். அந்தத் தவளங்களை நடத்தியவர்களில் பெரும்பங்கு எங்கள் மூத்தவாப்பாமார். மலையின் உயிர் அந்தப் பாதைகளில்தான் ஓடியது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1817இல் ஊவாவும் வெல்லஸ்ஸவும் கிளர்ந்தன. ஆங்கிலச் சிப்பாயிடம் இருந்தது கடதாசித் தோட்டா. ஒரு குண்டும் அளந்த மருந்தும் ஒரே சுருளில். பல்லால் கடித்துக் கிழித்து, கொஞ்சத்தைப் பற்றுவாயில் போட்டு, மிச்சத்தைக் குழாயில் கொட்டுவான். பற்ற வைக்கவும் அதே மருந்து, சுடவும் அதே மருந்து. இரண்டுக்கும் அது முழுப் பொருத்தமில்லை. ஆனால் இருட்டிலும் பயத்திலும் கை தடுமாறாது. எதிரே வில்லும் அம்பும் குகை உப்பில் செய்த மருந்தும்.

அந்த நேரத்தில்தான் ஊவாவின் திசாவை கெப்பெட்டிபொல, போராட்டக்காரரை அடக்க ஆங்கிலேயரால் அனுப்பப்பட்டு, அவர்களோடேயே சேர்ந்தார். சேரும் முன், ஆங்கிலேயர் கொடுத்த துவக்குகளையும் மருந்தையும் அவர்களுக்கே திருப்பி அனுப்பினார் என்பது நாட்டுக்கே தெரிந்த கதை. எங்கள் வெலிமடைக்குப் பக்கத்தில் மரக்கறி லொறிகள் வரிசையாக நிற்கும் கெப்பெட்டிபொல அந்த மனிதரின் பெயரைத்தான் சுமக்கிறது. மருந்துக்குத் தவித்துக் கொண்டிருந்த பக்கத்தில் சேரப் போகிறவர், கையிலிருந்த மருந்தைத் திருப்பிக் கொடுத்தார். நம்பிக் கொடுத்த ஆயுதத்தை நம்பியவனுக்கு எதிராகத் திருப்புவதில்லை என்ற மானம் அது. அமானிதம் என்று நாங்கள் சொல்வதும் இதைத்தானே? 1818 நவம்பர் 26இல் கண்டியில் அவரைக் கொன்றார்கள். ஊவாவின் வயல்களும் மாடுகளும் வீடுகளும் அதற்கு முன்பே அழிக்கப்பட்டிருந்தன.

பிறகு வேட்டைக் காலம். பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845 ஜூனில் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை சென்ட் மார்க்ஸ் தேவாலயம் அவர் நினைவாகக் கட்டப்பட்டது. நுவரெலியாவில் இருந்த சாமுவேல் பேக்கரின் பெரிய துவக்கு ஒன்பதரைக் கிலோ. ஒரு வெடிக்கு 28 கிராம் அளவு மருந்து. யானை சாய்ந்த காடுகளில் கோப்பியும் பிறகு தேயிலையும் வந்தன.

1884இல் பிரான்சில் பொல் வியே புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். பழைய மருந்தை விட மூன்று மடங்குக்குக் கிட்டப் பலம். 1898இல் அமெரிக்காவில் கைத்துப்பாக்கிக்கென்றே வேகமாக எரியும் 'புல்ஸ்ஐ' வந்தது. 1900இல் வந்த 'யுனிக்' கொஞ்சம் மெதுவானது. ரிவோல்வர், பிஸ்டல், வேட்டைத் துவக்கு என்று பலதுக்கும் பொருந்தியதால் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அங்கே சட்டப்படி வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்கள் அதை விரும்புவதற்குப் பலம் காரணமில்லை. அது இடத்தை அடைக்கும் மருந்து. தவறுதலாக இரண்டு தரம் கொட்டினால் சில தோட்டாக்களில் வழிந்து கண்ணுக்குத் தெரியும், எல்லாவற்றிலும் அப்படியல்ல. அப்படியும் தராசில் நிறுத்து, அச்சிட்ட அட்டவணையைப் பார்த்துத்தான் போடுவார்கள். கறுப்பு மருந்துக்குச் செய்த துவக்கில் புகையில்லா மருந்தைப் போட்டால் குழாய் கையிலேயே சிதறும்.

அந்த மாணவனுக்கு வகுப்பில் இவ்வளவும் சொன்னோம். மணி அடித்த பிறகு தனியே கூப்பிட்டு, "எங்கே பார்த்தாய்?" என்று கேட்டோம். தலையைக் குனிந்தான். "பன்றிக்கு, சேர்" என்றான். அதற்கு மேல் கேட்கவில்லை.

உறவுகளே, பன்றியின் தொல்லை எங்களுக்குத் தெரியாததல்ல. உருளைக்கிழங்குப் பாத்தியை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போனால் கடனாளிக்குத் தூக்கம் வராது. ஆனால் 1916 துப்பாக்கிக் கட்டளைச் சட்டமும் 1956 வெடிபொருள் சட்டமும் ஒருபுறம் இருக்கட்டும். கட்டுத் துவக்கின் கம்பியில் இடறுவது பன்றியா, விறகுக்குப் போன தோட்டத்துத் தாயா, பந்து தேடிப் போன பிள்ளையா என்று மருந்துக்குத் தெரியாது. தீனிக்குள் மருந்து வைக்கும் 'ஹக்க பட்டாஸ்' இன்று யானைக் குட்டிகளின் வாயைக் கிழித்துப் பட்டினியில் சாகவிடுகிறது. வீட்டில் மருந்து இடிப்பவரின் கைக்கும் கண்ணுக்கும் எந்த அட்டவணையும் காவலில்லை.

மன்னரின் குகையிலும் சிப்பாயின் தோட்டாவிலும் மருந்துக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றான். சுடுவதா விடுவதா என்று அவன் தீர்மானித்தான். கெப்பெட்டிபொல சுடாமலே திருப்பிக் கொடுத்தார். கட்டுத் துவக்கின் பின்னால் யாரும் இல்லை.

உங்கள் தோட்டத்திலோ பக்கத்துத் தோட்டத்திலோ அப்படி ஒன்று கட்டியிருந்தால், இன்று அஸருக்கு முன் அவிழ்த்து விடுங்கள். வேலி போடவும் முறையாக உதவி கேட்கவும் நாலு பேர் சேர்ந்தால் வழி பிறக்கும். கடிதம் எழுதித் தர நாங்கள் தயார்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு எங்களால் முடிந்த பதில் இதுதான். வஸ்ஸலாம்.