குரூண் கிரிஸ்: தோட்டத்து மோட்டாருக்கும் 500 சிசி பந்தயத்துக்கும் என்ன தொடர்பு?

கெடாவில் பழைய தோட்டத்து வீடுகளுக்குப் போனால், கொல்லைப்புறத்தில் சாக்குப் போட்டு மூடிய ஒரு மோட்டாரைப் பார்க்கலாம். பல வீடுகளில் அது மோடெனாஸ் கிரிஸ் 110. "இந்தக் கம்பெனி உலகப் பந்தயத்துல ஓடுச்சு, தெரியுமா?" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மைதான். ஆனால், ஓடிய மோட்டார் குரூணில் செய்தது என்று யாராவது சொன்னால், நம்ப வேண்டாம்.

முதலில் கிரிஸ். தேசிய மோட்டார் சைக்கிள் நிறுவனமாக மோடெனாஸ் 1995-இல் தொடங்கப்பட்டது. தொழிற்சாலை சுங்கை பட்டாணிக்கு வடக்கே குரூணில் அமைந்தது. மறு ஆண்டே கிரிஸ் அறிமுகம் கண்டது. கவாசாகியின் தொழில்நுட்பம், 111 சிசி, ஒற்றை சிலிண்டர், 4 கியர். கை கிளட்ச் கிடையாது; காலால் மிதித்தால் கியர் மாறும். இந்த வகையை நாம் கப்சாய்னு சொல்வோம். ஹோண்டா 'கப்' மோட்டாரின் பெயரோடு, 'சிறியது' என்ற பொருள்படும் சீனச் சொல் ஒட்டிப் பிறந்த பெயர் அது.

அப்போது சாலையில் 2-ஸ்ட்ரோக் மோட்டார்கள் நிறைய. பெட்ரோலோடு தனியாக 2டி ஆயிலும் வாங்கி ஊற்ற வேண்டும், பின்னால் புகை. கிரிஸ் 4-ஸ்ட்ரோக் என்பதால் அந்தச் செலவு இல்லை. சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

காலமும் பொருந்தி வந்தது. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டதும் அதே 1996-இல்தான். ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனையும் வீடமைப்பும் வந்துகொண்டிருந்த நேரம். பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் லயத்தை விட்டுத் தொழிற்சாலை ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். பஸ் வராத செம்மண் பாதையில் கப்சாய் இல்லாமல் அந்த வேலை ஏது?

பந்தயக் கதை வேறு. 1978 முதல் 1980 வரை தொடர்ந்து மூன்று முறை 500 சிசி உலக வெற்றியாளரான அமெரிக்கர் கென்னி ராபர்ட்ஸ், இங்கிலாந்தின் பேன்பரியில் சொந்தமாகப் பந்தய மோட்டார் உருவாக்கினார். அதற்குப் பணமும் பெயரும் கொடுத்தது மோடெனாஸ். 'மோடெனாஸ் கேஆர்3' 1997-இல் களமிறங்கியது. ஓட்டியவர்கள் அவருடைய மகன் கென்னி ராபர்ட்ஸ் ஜூனியரும் பிரான்சின் ஜான்-மிஷேல் பேலும்.

அது 3 சிலிண்டர், 2-ஸ்ட்ரோக். கிரிஸோடு பெயரைத் தவிர வேறு ஒட்டுறவு இல்லை. 4 சிலிண்டர் மோட்டாரைவிடக் குறைந்த எடையில் ஓட விதிமுறை இடம் கொடுத்ததால், வளைவுகளில் முந்தலாம் என்பது கணக்கு. நேர்ப்பாதையில் ஹோண்டாவின் 4 சிலிண்டர் வேகத்துக்கு அது ஈடுகொடுக்கவில்லை. என்ஜின் கோளாறுகளும் விடவில்லை. அந்த ஆண்டுகளில் மிக் டூஹானின் ஹோண்டாதான் ராஜா. கேஆர்3 ஒரு கிராண்ட் பிரியைக்கூட வென்றதில்லை. ஜூனியர் ராபர்ட்ஸ் சுசுகிக்கு மாறி, 2000-இல் உலகப் பட்டம் வென்றார் என்பது கொஞ்சம் கசப்பான துணைச்செய்தி. 2001 முதல் அந்த மோட்டாரில் மோடெனாஸ் பெயர் போய் புரோட்டோன் பெயர் வந்தது.

வீண் செலவா? வெற்றியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் குரூண் வழியாக அன்றாடம் வேலைக்குப் போனவர்கள், தங்கள் மோட்டாரில் இருந்த அதே பெயரை டூஹானோடு ஒரே திரையில் பார்த்தார்கள். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

வீட்டில் பழைய கிரிஸ் இருந்தால், பழைய இரும்புக்குப் போடும் முன் கிரானை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் மோட்டாரில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். மோட்டார் இன்னும் காலமான அப்பா பெயரிலேயே இருந்தால், வாரிசுரிமைப் பத்திரங்கள் இல்லாமல் ஜேபிஜே-யில் பெயர் மாற்ற முடியாது. என்ஜினைப் பிரிக்கும் முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள். ஓட்டுவதற்கு பி2 லைசென்ஸ் போதும்.