கட்டடத்துக்குப் பணம் வரும், பஸ் காசுக்கு?
புற்றுநோய்ச் சமூகச் செயற்றிட்டங்களுக்கான நிதி: சங்கங்கள் அறிந்திருக்க வேண்டியவை

2011 ஜூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் ஒரு நடைபயணம் நடந்தது. 'ட்ரெயில்' என்ற அந்தப் பயணத்தில் சேர்ந்த மக்கள் பணத்தில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டப்பட்டது. 2016இல் தெற்கு நோக்கி நடந்து, காலி கராப்பிட்டியவுக்கு நிதி திரட்டினார்கள். நல்ல நோக்கத்துக்குப் பணம் கொடுக்க இந்நாட்டு மக்கள் தயங்குவதில்லை என்பதற்கு இவை சாட்சி.

ஆனால் முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பழைக்கு நூறு கிலோமீற்றருக்கும் மேல். கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாட்கள் என்று பல வாரங்கள் தொடரும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பஸ் காசும் சாப்பாடும் கூடப் போகிறவரின் இழந்த நாட்கூலியும் இலவசமல்ல. சிலர் சிகிச்சையை இடையில் விடுவது இந்த இடத்தில்தான். கிராமச் சங்கமொன்று உதவக்கூடிய இடமும் இதுதான்.

தடுப்பில் என்ன செய்யலாம்?

இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு சேர்ந்த கூறு அதற்கு முக்கிய காரணம். புகையிலை இல்லாமல் பாக்கு மட்டும் போட்டாலும் ஆபத்து என்பதைச் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே உறுதிப்படுத்தியது. பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் முதலிடத்தில் உள்ளது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்க 35 வயதுப் பெண்களுக்கான பப் பரிசோதனை 1996 முதலும், ஆறாம் தர மாணவிகளுக்கான எச்.பீ.வி. தடுப்பூசி 2017 முதலும் இலவசமாக வழங்கப்படுகின்றன.

ஆகவே, சங்கங்கள் புதிய சேவையை உருவாக்கத் தேவையில்லை. இருக்கும் சேவைக்கு ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

நிதி எங்கே கிடைக்கும்?

*தூதரகங்கள்:* அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டம் இலாப நோக்கற்ற சமூக அமைப்புகளின் சிறு செயற்றிட்டங்களுக்கு உதவுகிறது. ஜப்பானியத் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்புத் திட்டம் கட்டடம், உபகரணம் போன்றவற்றுக்குக் கொடுக்கும். சம்பளம், போக்குவரத்து போன்ற தொடர் செலவுகளை அதில் கேட்க முடியாது.

*ரோட்டரி:* உலகளாவிய மானியத்துக்குச் செயற்றிட்டத்தின் மொத்தச் செலவு குறைந்தது 30,000 அமெரிக்க டொலராக இருக்க வேண்டும். உள்நாட்டுக் கழகமொன்றும் வெளிநாட்டுக் கழகமொன்றும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம். ஊர்த் தேவையை முன்கூட்டியே மதிப்பிட்டிருப்பதும் கட்டாயம். கிராமச் சங்கம் நேரடியாகப் போக முடியாது. அருகிலுள்ள கழகத்தைப் பங்காளியாக்க வேண்டும்.

*ஜனாதிபதி நிதியம்:* இது தனி நோயாளியின் சிகிச்சைக்கு உரியது, செயற்றிட்டத்துக்கு அல்ல. ஆனாலும் உங்கள் ஊர் நோயாளிக்கு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதே பெரிய உதவி.

*புலம்பெயர் ஊர் ஒன்றியங்கள்:* விதிமுறை குறைவு, பணம் விரைவாக வரும். ஆனால் பெயர்ப்பலகை வைக்கக்கூடிய செலவுகளையே பலரும் விரும்புகிறார்கள். பஸ் காசுக்கும் இங்கேதான் கேட்டுப் பார்க்கலாம்.

விண்ணப்பிக்கும் முன்

பதிவு இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ ஏற்கனவே பதிவில் இருந்தால் அதன் பெயரிலேயே தொடங்கலாம். தனி அமைப்பாக இயங்குவதானால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டம் பொருந்தும். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இருவர் கையொப்பம், கணக்காய்வு செய்த வருடாந்தக் கணக்கு என்பவற்றைத் தயாராக வைத்திருங்கள். பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியின் சம்மதக் கடிதம் விண்ணப்பத்துக்குப் பலம் சேர்க்கும்.

"விழிப்புணர்வுக் கூட்டம் பத்து நடத்துவோம்" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை பேரைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்கள், எத்தனை பேர் சிகிச்சையை முடிக்கத் துணை நிற்பீர்கள் என்று எழுதுங்கள். வாய்ப் பரிசோதனை முகாமில் ஒருவருக்கு வெள்ளைத் திட்டு தெரிந்தால், அடுத்த கிழமை அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போவது யார்? இதற்குப் பதில் இல்லாத முகாம் அந்த மனிதருக்குப் பயத்தை மட்டுமே கொடுக்கும்.

இன்னொன்று, புகைப்படம். நிதி தருவோர் அறிக்கையுடன் படமும் கேட்பார்கள். தனக்குப் புற்றுநோய் என்பதை ஊருக்கு மறைத்துச் சிகிச்சைக்குப் போகும் பெண்கள் இன்றும் நம்மிடையே உண்டு. மகளின் கல்யாணம் குழம்பிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. உதவிப் பொதியோடு எடுத்த ஒரு படம் முகநூலில் வந்தால், அடுத்த பெண் உங்கள் சங்கத்தின் பக்கமே வரமாட்டார். பெயரும் முகமும் இல்லாமல் எண்ணிக்கையாகத்தான் அறிக்கை தருவோம் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.